குவிமாடத்தில் ஒரு துண்டு வானம் காணவில்லை: டிஜிட்டல் கோளரங்கக் கோளாறுகளை அறிகுறி வைத்துப் பிடிப்பது

பல புரொஜெக்டர்கள் சேர்ந்து ஒரே வானத்தைக் காட்டும் அரங்குகளுக்காக இதை எழுதுகிறேன். ஒரு தலைமைக் கணினி, புரொஜெக்டருக்கு ஒன்றாகவோ இரண்டுக்கு ஒன்றாகவோ படக் கணினிகள், நடுவில் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச். எந்த மென்பொருள் ஓடினாலும் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகள் ஏறக்குறைய இவைதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சரிசெய்யப் போன இடங்களில் கோளாறு செய்த சேதத்தைவிட, பதற்றத்தில் யாரோ அழுத்திய தானியங்கி அலைன்மென்ட் பொத்தான் (கேமராவால் அளந்து எல்லாத் துண்டுகளையும் ஒன்றோடொன்று பொருத்துவது) செய்த சேதம்தான் அதிகம். கேபிள் தளர்ந்திருக்கும்போது அலைன்மென்ட் ஓட்டினால், கேபிளைச் சரியாகச் செருகிய பிறகும் படம் கோணலாகவே நிற்கும். ஆகவே கீழே எந்த அறிகுறியிலும் அந்தப் பொத்தான் கடைசியில்தான் வரும்.

எதைத் தொடுவதற்கும் முன்

கெட்ட நிலையிலேயே குவிமாடத்தை மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் துண்டு எந்தப் புரொஜெக்டருடையது என்று எண் போட்ட வரைபடம் கட்டுப்பாட்டு மேசையில் ஒட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் இன்றே ஒட்டுங்கள். இருட்டில் நின்றுகொண்டு "வலது பக்கம், இல்லை, உங்களுக்கு வலது" என்று கத்துவதில் போகும் நேரம் கொஞ்சநஞ்சமல்ல.

அப்புறம், வளைவுக் கோப்புகளும் (படத்தைக் குவிமாடத்துக்கு ஏற்ப வளைப்பவை) ஓரக் கலப்புக் கோப்புகளும் (துண்டுகள் சேரும் ஓரத்தை மங்கலாக்கி இணைப்பவை) இருக்கும் ஃபோல்டரை எல்லாப் படக் கணினிகளிலிருந்தும் தேதி போட்டு வேறு டிஸ்க்கில் நகல் எடுங்கள். இரண்டு நிமிட வேலை. இந்த நகல் இல்லாமல் எந்த அமைப்பையும் மாற்றாதீர்கள்.

அடுத்து, புரொஜெக்டரின் சொந்த மெனுவில் இருக்கும் டெஸ்ட் பேட்டர்ன். இது புரொஜெக்டருக்குள்ளேயே உருவாகும் படம். கணினிக்கும் கேபிளுக்கும் இதில் வேலையே இல்லை. இந்தப் படமும் கெட்டுத் தெரிந்தால் கோளாறு புரொஜெக்டரிலோ லென்ஸிலோ இருக்கிறது. சுத்தமாக வந்தால் அதற்கு முந்தைய வழியில் தேடுங்கள். பாதித் தேடல் இதிலேயே முடிந்துவிடும். மீதிப் பாதிக்கு இடம் மாற்றிப் பார்ப்பது: கெட்ட துண்டின் கேபிளையும் நல்ல துண்டின் கேபிளையும் மாற்றிச் செருகுங்கள். கோளாறு கூடவே நகர்கிறதா, இருந்த இடத்திலேயே நிற்கிறதா என்று பாருங்கள்.

எரியும் புரொஜெக்டரின் லென்ஸுக்குள் கண் வைத்துப் பார்க்காதீர்கள். லேசர் ஒளிமூலம் என்றால் இன்னும் கண்டிப்பாக.

அறிகுறி: ஒரு துண்டு முழு இருட்டு

ஒரு படக் கணினி இரண்டு புரொஜெக்டர்களை ஓட்டும் அமைப்பில், அந்த இரண்டு துண்டுகளும் சேர்ந்தே போயிருந்தால் நேராகக் கணினிக்குப் போங்கள். ஒன்று மட்டும் போயிருந்தால் புரொஜெக்டர் பக்கம் பார்க்க வேண்டும்.

ஒன்று மட்டும் போயிருந்தால்

ஷட்டர், அதாவது ஒளியை மறைக்கும் மூடி, மூடியிருக்கிறதா? நேற்றைய காட்சி முடிவில் அனுப்பிய "மூடு" கட்டளை எல்லாவற்றுக்கும் போய், இன்றைய "திற" கட்டளை ஒன்றுக்கு மட்டும் போகாமல் விட்டிருக்கலாம். ரிமோட்டில் ஒரு பொத்தான், முடிந்தது. அடுத்தது இன்புட்: மின்சாரம் போய் வந்தபின் சில மாடல்கள் வேறு இன்புட்டுக்குத் தாவிவிடும்.

எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பெரும்பாலும் சூடுதான். ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். குவிமாடத்துக்குப் பின்னால் இருக்கும் இடம் யாரும் பெருக்காத இடம். ஃபில்டர் கம்பளி மாதிரி ஆகியிருக்கும். மாற்றுங்கள், அரை மணி நேரம் ஆறவிட்டுப் போடுங்கள்.

விளக்கு சரி, ஷட்டர் சரி, "சிக்னல் இல்லை" என்று வருகிறதா? அப்படியானால் எதை முதலில் ஆன் செய்தீர்கள் என்று யோசியுங்கள். புரொஜெக்டர்கள் முழுதாக எழுந்த பிறகே கணினிகளை எழுப்ப வேண்டும். கணினி முந்திக்கொண்டால் கிராஃபிக்ஸ் கார்டு "இந்த முனையில் திரை எதுவும் இல்லை" என்று முடிவு செய்து அதை அணைத்துவிடும். அந்தக் கணினியை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். இதே கதை வாரம் ஒருமுறை நடந்தால், திரையின் அடையாளத் தகவலை நிரந்தரமாகப் பிடித்துவைத்துக் கொடுக்கும் சின்ன இடைக் கருவி ஒன்றை அந்தக் கேபிளில் போடுங்கள். செலவு குறைவு, தலைவலி போய்விடும்.

அதன்பின் கேபிள். நீளமான எச்டிஎம்ஐ ஃபைபர் கேபிள்களுக்குத் திசை உண்டு. ஒரு முனை கணினிக்கு, மறு முனை திரைக்கு. சுத்தம் செய்யக் கழற்றி மாற்றிச் செருகியவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஒருமுறை அது நானேதான்.

சேவைக்காரரை எப்போது கூப்பிடுவது: விளக்கு பற்றவே மறுத்தால், அல்லது லேசர் பிழை எண் காட்டினால். சாதாரண விளக்கு என்றால் கையேட்டைப் பார்த்து நீங்களே மாற்றலாம். செனான் விளக்கைத் தொடாதீர்கள். அது குளிர்ந்திருக்கும்போதும் உள்ளே அழுத்தத்தோடுதான் இருக்கும், வெடிக்கும். முகக் கவசமும் பயிற்சியும் உள்ளவர் மட்டுமே அதைக் கழற்ற வேண்டும்.

அறிகுறி: வானத்துக்கு நடுவே கணினியின் டெஸ்க்டாப்

பார்வையாளர்கள் சிரிப்பார்கள், நமக்குத்தான் வியர்க்கும். அந்தப் படக் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது, அல்லது அதில் காட்சி மென்பொருள் மட்டும் விழுந்திருக்கிறது. தலைமைக் கணினியிலிருந்து அந்த ஒன்றை மட்டும் மறுபடி தொடங்கச் செய்தால் ஓடும்.

ஏன் நடந்தது என்பதைக் காட்சி முடிந்தபின் தேடுங்கள். விண்டோஸ் அப்டேட் முதல் சந்தேகம். காட்சிக் கணினிகளில் தானியங்கி அப்டேட் இருக்கவே கூடாது. காட்சி இல்லாத நாளில், நகல் எடுத்துவிட்டு, கையால் செய்யுங்கள். இரண்டாவது சந்தேகம், யாரோ ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே போய் வந்தது. அது திரையைத் தன் வசம் எடுத்துக்கொண்டு, உண்மையான திரையைப் பூட்டிவிடும். உடனிருந்து அதே திரையைக் காட்டும் விஎன்சி வகை மென்பொருளே இந்த வேலைக்கு ஏற்றது.

மென்பொருள் "உரிமம் இல்லை" என்று அடம்பிடித்தால் யூஎஸ்பி உரிமச் சாவி தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால் கணினியின் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருக்கிறதா? மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. இதற்காக மென்பொருள் நிறுவனத்தோடு இரண்டு நாள் கடிதம் எழுதிக்கொண்டிருந்த அரங்கு ஒன்று உண்டு.

அறிகுறி: ஓரங்களில் நட்சத்திரம் இரண்டிரண்டாகத் தெரிகிறது

நிறைய பேர் அலைன்மென்ட் பொத்தானுக்கு ஓடுவது இங்கேதான். கொஞ்சம் பொறுங்கள்.

முதலில், புரொஜெக்டர்கள் போட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று? லென்ஸும் உடலும் சூடேறச் சூடேற படம் மெல்ல நகரும். 30 நிமிடமாவது ஓடவிட்டு, வழக்கமான காட்சி நேரத்தில் இருக்கும் ஏசியையும் போட்டுவிட்டுப் பாருங்கள். காலையில் குளிர்ந்த அரங்கில் இரட்டையாகத் தெரிந்தது முதல் காட்சிக்குள் தானாகவே சேர்ந்துவிடும்.

சேரவில்லையா? முழுக் குவிமாடத்துக்கும் கிரிட் (கட்டக் கோடுகள்) போடுங்கள், ஒவ்வொரு துண்டுக்கும் வேறு நிறத்தில். இப்போது மூன்று விதமாகத் தெரியலாம்.

ஒரு துண்டு மட்டும் எல்லா ஓரங்களிலும் விலகியிருந்தால்

கணினித் திரை அமைப்பில் அந்தத் துண்டின் ரெசல்யூஷனைப் பாருங்கள். ஒருமுறை ஒரு மாலை முழுக்க மூன்று தடவை அலைன்மென்ட் ஓட்டியும் ஒரு துண்டு மட்டும் மங்கலாகவும் லேசாகக் கோணலாகவும் நின்றது. கடைசியில் பார்த்தால், மின்வெட்டுக்குப் பிறகு அந்த ஒரு முனை மட்டும் 1920-க்கு 1080 என்று இறங்கியிருந்தது. அதைத் திருப்பி வைத்து, பழைய வளைவுக் கோப்புகளை நகலிலிருந்து போட்டதும் இரண்டே நிமிடத்தில் வானம் சேர்ந்தது. பழைய நகல் இருந்ததால் பிழைத்தோம்.

ரெசல்யூஷன் சரி என்றால், புரொஜெக்டரின் மெனுவில் கீஸ்டோன் (கோணல் திருத்தம்), பட விகிதம், ஓவர்ஸ்கேன் (ஓரத்தை வெட்டிப் பெரிதாக்குவது) ஆகியவை தொழிற்சாலை நிலைக்குப் போயிருக்கின்றனவா என்று பாருங்கள். மோட்டார் லென்ஸ் உள்ள மாடல் என்றால் லென்ஸ் மெமரியை, அதாவது சேமித்து வைத்த லென்ஸ் நிலையை, மறுபடி அழையுங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் யாராவது இடித்தார்களா, தாங்கியின் திருகு தளர்ந்ததா என்று மேலே ஏறிப் பார்க்க வேண்டும். ஃபில்டர் மாற்றிய மறுநாள் இந்தக் கோளாறு வந்தால் வேறு காரணம் தேடவே வேண்டாம்.

இரண்டு துண்டுகள் அப்படியே இடம் மாறியிருந்தால்

கிராஃபிக்ஸ் கார்டின் திரை வரிசை மாறியிருக்கிறது. டிரைவர் அப்டேட்டுக்குப் பிறகு இது சகஜம். திரை அமைப்பில் வரிசையை மாற்றுங்கள். கேபிளை மாற்றிச் செருகித் தீர்க்காதீர்கள், அடுத்த ரீஸ்டார்ட்டில் மறுபடி குழம்பும்.

எல்லா ஓரங்களிலும் கொஞ்சம் கொஞ்சம் விலகியிருந்தால்

இது மாதக்கணக்கில் சேர்ந்த விலகல். இப்போது அலைன்மென்ட் ஓட்டலாம். அவசரமில்லாத நாளில், சூடேற்றிய பிறகு, எல்லா விளக்கும் அணைத்து. வழிகாட்டும் பச்சை விளக்குகளை விதிமுறை அனுமதித்தால் மறையுங்கள். கேமரா எப்போதும் அதே புள்ளியில் நிற்க வேண்டும், தரையில் அடையாளம் இருக்கட்டும். அதன் மீன்கண் லென்ஸில் தூசி இருந்தால் கேமரா அந்தத் தூசியையும் சேர்த்தே அளக்கும். ஓட்டி முடித்ததும் கிரிட்டோடு நிறுத்தாமல் நட்சத்திரங்களைப் போட்டுப் பாருங்கள். கிரிட்டில் கண்ணுக்குத் தப்பியது நட்சத்திரத்தில் தப்பாது.

எப்போது கூப்பிடுவது: ஓட்டிய அலைன்மென்ட் ஒரு வாரம்கூட நிற்கவில்லை என்றால். தாங்கி, லென்ஸ் பூட்டு, அல்லது குவிமாடத் தகடே அசைகிறது. குவிமாட விளிம்பில் உயரத்தில் செய்யும் வேலை இது; பாதுகாப்புக் கயிறும் பயிற்சியும் உள்ளவர்கள் பார்க்கட்டும்.

அறிகுறி: துண்டுகளுக்கு நடுவே பட்டை தெரிகிறது

வெளிச்சமான காட்சியில் தெரிகிறதா, இருண்ட காட்சியிலா என்று முதலில் பாருங்கள். இரண்டும் வேறு வேறு நோய்.

வெளிச்சமான காட்சியில் தெரிந்தால்

எல்லாப் புரொஜெக்டர்களும் ஒரே பட முறையில் இருக்கின்றனவா? ஒன்று மட்டும் சிக்கன முறைக்கோ பளபளப்பான முறைக்கோ மாறினால் காமா (இருளிலிருந்து வெளிச்சம் ஏறும் விதம்) மாறும், ஓரக் கலப்பு உடையும். டைனமிக் கான்ட்ராஸ்ட், தானியங்கி ஐரிஸ் போன்ற எதுவும் ஆனில் இருக்கக் கூடாது. வீட்டு டிவிக்கு நல்லது இங்கே விஷம்: ஒவ்வொரு புரொஜெக்டரும் தன் துண்டில் என்ன படம் என்று பார்த்துத் தனித்தனியாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும். நிலவு வந்த துண்டு மட்டும் ஏறி இறங்கும்.

அதெல்லாம் சரி என்றால் ஒளிமூலத்தின் வயது. எல்லாவற்றிலும் வெள்ளை போட்டு, ஒரே தூரத்தில் லக்ஸ் மீட்டரால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். விளக்கு என்றால் ஒன்றை மட்டும் புதிதாக மாற்றாதீர்கள். புதியது கண்ணை உறுத்தும். முழு செட்டாக மாற்றுங்கள், அல்லது மற்றவற்றின் அளவுக்குப் புதியதைக் குறையுங்கள். லேசரும் குறையும். 20,000 மணி நேரத்தில் பாதி வெளிச்சம் என்பது லேசர் பாஸ்பர் மாடல்களில் வழக்கமாகக் காணும் கணக்கு. இது படிப்படியாகக் குறைவது, கடைசி நாளில் திடீரென்று அல்ல.

இருண்ட காட்சியில் தெரிந்தால்

புரொஜெக்டரின் கறுப்பு முழுக் கறுப்பு அல்ல. இரண்டு படமும் மேற்பொருந்தும் இடத்தில் அந்தக் கசிவு ஒளி இரட்டிப்பாகிச் சாம்பல் பட்டையாகத் தெரியும். லென்ஸுக்கு முன்னால் உலோக மறைப்புத் தகடு வைத்திருக்கும் அரங்கு என்றால், தகடு நகர்ந்ததா என்று முதலில் பாருங்கள். லென்ஸ் துடைத்தவர் தட்டிவிட்டிருப்பார். தகடு இல்லாத அரங்கில், மேற்பொருந்தாத பகுதிகளின் கறுப்பை லேசாக உயர்த்திச் சமன் செய்யும் அமைப்பு மென்பொருளில் இருக்கும், அது அணைந்திருக்கலாம். அதைப் போட்டாலும் வானம் கொஞ்சம் வெளுக்கும். நட்சத்திரக் காட்சி முக்கியம் என்றால் தகடுதான் நல்லது என்பது என் கட்சி.

முழுக் குவிமாடமும் வெளுத்திருந்தால் புரொஜெக்டரைக் குறை சொல்லும் முன் விளிம்பு அலங்கார எல்இடிகள் பூஜ்யத்துக்கு வந்தனவா, கதவுத் திரை மூடியதா என்று பாருங்கள். லென்ஸில் படிந்த தூசிப் படலமும் இதைச் செய்யும். முதலில் ஊதுங்கள், பிறகுதான் லென்ஸ் துணி.

அறிகுறி: வானம் சுழலும்போது ஒரு துண்டு பின்தங்குகிறது, அல்லது திக்குகிறது

நேரடி வானத்திலும் (கணினி அப்போதைக்கப்போது வரைவது) பதிவுப் படத்திலும் (முன்பே தயாரித்தது) தனித்தனியாக ஓட்டிப் பாருங்கள்.

இரண்டிலும் வந்தால்

சிங்க் கோளாறு: கணினிகள் ஒரே கணத்தில் படம் மாற்றவில்லை. சிங்க் கார்டு உள்ள கணினிகளில் பின்புறச் சிறு விளக்குகளைப் பாருங்கள். ஒன்றில் மட்டும் வேறு நிறம் தெரிந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். கேபிளை அழுத்திச் செருகுங்கள். ஜாக்கிரதை: சிங்க் கார்டுகளை இணைக்கும் ஃபிரேம் லாக் முனை பார்ப்பதற்கு நெட்வொர்க் முனை போலவே இருக்கும். அதை ஸ்விட்சிலோ நெட்வொர்க் கார்டிலோ செருகினால் கார்டு நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம். அந்தக் கேபிள்களுக்குச் சிவப்பு டேப் சுற்றி வையுங்கள்.

பிறகு ரிஃப்ரெஷ் வேகம், அதாவது விநாடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்பது. ஒன்று 59.94, மற்றவை 60 என்றால் சுமார் 17 விநாடிக்கு ஒருமுறை ஒரு குலுக்கல் வரும். எல்லாவற்றையும் ஒரே எண்ணில் வையுங்கள். டிரைவரும் எல்லாக் கணினியிலும் ஒரே பதிப்பாக இருக்கட்டும்.

பதிவுப் படத்தில் மட்டும் வந்தால்

டிஸ்க். கணக்கைப் பாருங்கள்: 4096-க்கு 4096 அளவுள்ள ஒரு குவிமாடப் படம் சுருக்காமல் சுமார் 50 எம்பி. விநாடிக்கு 30 படம் என்றால் 1.5 ஜிபி, 60 என்றால் 3 ஜிபி. அதனால்தான் படத்தைச் சுருக்கி, துண்டுகளாக வெட்டி ஒவ்வொரு கணினிக்கும் கொடுக்கிறார்கள். கெட்ட துண்டின் ஃபோல்டரையும் நல்ல துண்டின் ஃபோல்டரையும் ஒப்பிடுங்கள். படங்களாக வெட்டியிருந்தால் எண்ணிக்கை ஒத்துப்போக வேண்டும். வீடியோவாக இருந்தால் அளவு பெரிதாக வித்தியாசப்படக் கூடாது. குறைந்தால் நகல் பாதியில் நின்றிருக்கிறது. சமமாக இருந்தால் டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்க்கும் கருவியை ஓட்டுங்கள், இடம் நிரம்பிவிட்டதா என்றும் பாருங்கள்.

நேரடி வானத்தில் மட்டும் வந்தால்

கிராஃபிக்ஸ் கார்டு சூடாகி வேகத்தைக் குறைக்கிறது. விசிறியில் தூசி. ஊதிவிடுங்கள்.

தினம் ஒரே நேரத்தில் வந்தால்

கருவிகளை விட்டுவிட்டு அட்டவணையைத் தேடுங்கள். மதியக் காட்சியில் மட்டும் திக்கிய ஒரு கணினியில் வைரஸ் ஸ்கேன் அதே நேரத்துக்கு வைக்கப்பட்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்கும் முன் புதிய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கியாகிவிட்டது என்பது தனிச் சோகம். யாராவது தன் லேப்டாப்பைக் காட்சி ஸ்விட்சில் செருகிப் பெரிய கோப்பு இறக்குவதும் இதே வகைதான்.

அறிகுறி: மின்மினிப் புள்ளிகள், பச்சை அல்லது இளஞ்சிவப்பு, சட்டென்று கறுப்பு

உள் டெஸ்ட் பேட்டர்ன் சுத்தமாக இருந்தால் கேபிள். நீளமான தாமிர எச்டிஎம்ஐ கேபிளில் 4கே படத்தை விநாடிக்கு 60 முறை அனுப்புவது எல்லை மீது நடப்பது மாதிரி. கொஞ்சம் மடங்கினாலே மின்மினி பறக்கும். ஒருமுறை கழற்றிச் செருகுங்கள், நல்ல துண்டின் கேபிளோடு மாற்றுங்கள், கடைசியில் ஃபைபர் வாங்குங்கள். ஃபைபரைக் கூர்மையாக மடக்கிக் கட்டாதீர்கள். துண்டு முழுக்கப் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ மாறினால் கணினி ஒரு வண்ண வடிவத்தில் அனுப்ப, புரொஜெக்டர் வேறொன்றாக எடுத்துக்கொள்கிறது. இரு பக்கமும் ஆர்ஜிபி என்று கையால் வையுங்கள், ஆட்டோவில் விடாதீர்கள்.

உள் டெஸ்ட் பேட்டர்னிலும் அசையாத வெள்ளைப் புள்ளிகள் இருந்தால், புரொஜெக்டருக்குள் படத்தை உருவாக்கும் டிஎல்பி சிப்பின் நுண்கண்ணாடிகள் சிக்கிக்கொள்கின்றன. ஒன்றிரண்டு என்றால் நட்சத்திரக் கூட்டத்தில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், உங்களைத் தவிர. வாராவாரம் பெருகினால் சிப் மாற்ற வேண்டும். இந்தப் பட்டியலிலேயே செலவு மிக்கவற்றில் ஒன்று. அளவு தெரியப் புள்ளிகளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு தயாரிப்பாளரைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: படம் அருமை, வானம் தப்பு

துருவ நட்சத்திரத்தின் உயரம் உங்கள் இடத்தின் அட்சரேகைக்கு ஒரு பாகைக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் முந்தைய காட்சி உங்களை வேறு ஊருக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டது. கிழக்கில் உதிக்க வேண்டியது சில மணி நேரம் முந்தியோ பிந்தியோ இருந்தால் நேர மண்டலம். துருவத்தின் அருகே வேகா நிற்கிறதா? பூமியின் அச்சு மெல்லத் தள்ளாடுவதைக் காட்டும் காட்சி முடிந்து, தேதி கி.பி. 14,000 பக்கம் நிற்கிறது. எல்லாக் காட்சிகளின் தொடக்கத்திலும் இடம், நேரம், வேகம் மூன்றையும் மீட்டமைக்கும் ஒரு ஸ்கிரிப்டைப் போட்டுவிட்டால் இந்த அறிகுறி மறைந்துவிடும். சாய்ந்த குவிமாடத்தில் தொடுவானம் கோணலாக இருந்தால் சாய்வு அமைப்பு பூஜ்யமாகியிருக்கும்.

அறிகுறி: சத்தம் இல்லை

ஒலிபெருக்கிகளைத் தொடாதீர்கள். ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு கணினி ஒலியைப் புரொஜெக்டரின் எச்டிஎம்ஐ வழியாக அனுப்பிக்கொண்டிருக்கும். ஒலிக் கருவியை மறுபடி தேர்ந்தெடுங்கள், மற்றவற்றை முடக்கிவிடுங்கள்.

ஒற்றைப் புரொஜெக்டர் வைத்த, காற்றூதி நிறுத்தும் குவிமாடம் என்றால்

இதற்குத் தனியாகச் சொல்ல வேண்டியது இரண்டுதான். கோளக் கண்ணாடி முறையில் (புரொஜெக்டர் ஒளி வளைந்த கண்ணாடியில் பட்டுக் குவிமாடத்துக்குப் போவது) படம் வளைந்து கெட்டால் புரொஜெக்டருக்கும் கண்ணாடிக்கும் உள்ள தூரம் மாறியிருக்கிறது. நன்றாக இருக்கும் நாளில் அளந்து மேசையில் கோடு போட்டுவிடுங்கள். அப்புறம், அந்தக் கண்ணாடியின் பூச்சு வெளிப்பக்கம் இருக்கும். கைக்குட்டையால் துடைத்தால் பூச்சே உரியும். ஊதுங்கள், அவ்வளவுதான்.

சேவைக்காரரைக் கூப்பிடும்போது

"படம் சரியில்லை" என்று சொன்னால் அவர் முதல் நாளை நீங்கள் ஏற்கனவே செய்த சோதனைகளுக்கே செலவிடுவார். எந்தத் துண்டு, உள் டெஸ்ட் பேட்டர்ன் எப்படி இருந்தது, கேபிளை மாற்றியபோது கோளாறு நகர்ந்ததா, கடைசியாக எதை யார் மாற்றினார்கள், பிழை எண் என்ன, ஒளிமூலம் எத்தனை மணி நேரம் ஓடியது: இவற்றை எழுதி, முதலில் எடுத்த மொபைல் படத்தோடு அனுப்புங்கள். நீங்கள் அலைன்மென்ட் பொத்தானை அழுத்தியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எப்படியும் கோப்புத் தேதியில் அவர் பார்த்துவிடுவார்.